ஒரே எஞ்சினால் பறிபோன டிரைவர் சீட்டு

இன்று காலை கொடைக்கானல் மலையில் எங்கள் பூண்டி ஊர் டீக்கடை முன்னால் இரண்டு கார்கள் வந்து நின்றன. இரண்டும் ஒரே கம்பெனி. ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இன்னொன்று குடும்பத்தோடு போகிற நாலு கதவுக் கார்.

பூண்டு மூட்டை ஏற்றிய என் பிக்கப்பில் சாய்ந்துகொண்டு மகளுக்குப் பாடம் எடுத்தேன். அவள் ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிறாள். நான் எட்டாம் வகுப்பு.

"செவப்புக்குத்தான் பெரிய எஞ்சினு. பாயப்போற புலி மாதிரி படுத்துக் கெடக்கு பாரு."

"ரெண்டுக்கும் ஒரே எஞ்சின்தாம்ப்பா. கியர்பாக்ஸும் அதேதான். மேல்கூடு மட்டுந்தான் வேற."

"இல்லேன்னா?"

"இனிமே வண்டி கேக்கவே மாட்டேன். ஆமான்னா, இன்னைக்கு கொடைக்கானல் வரைக்கும் நான்தான் ஓட்டுவேன்."

லைசென்ஸ் எடுத்து ஆறு மாதமாகச் சாவி கேட்கிறாள். இந்த மலை வளைவுகளை நினைத்து நான் கொடுத்ததே இல்லை. இன்றோடு தொல்லை தீர்ந்தது என்று சரி சொல்லிவிட்டு, சிவப்புக் கார்க்காரரிடமே கேட்டேன்.

அவர் சிரித்தார். "பாப்பா சொல்றது நெசந்தாங்கண்ணே. அதான் மதுரையில இருந்து என் தம்பி அந்தக் கார்ல என்னைய முந்திக்கிட்டே வர்றான்."

டீக்கடையே கைதட்டியது. "சாவிய வெரசா குடுங்க மாமா!" என்றார் டீ மாஸ்டர்.

கொடுத்தேன். ஒரு மூட்டைகூட அசையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு, என் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்ததில் எனக்குத்தான் வலது கால் வீங்கிவிட்டது.

மகளை ஓட்டவிட்ட அப்பாமார்களே, நீங்கள் என்ன தைலம் தடவுகிறீர்கள்?