பதினாறு அறை, பத்தொன்பது பேர்

அந்த லாட்ஜில் பதினாறு அறைகள். கதவுகள் இருபத்து மூன்று. ஜன்னல்கள் நாற்பத்தொன்று, அவற்றில் ஒழுங்காகச் சாத்திக்கொள்பவை ஒன்பது. யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை. எண்ணாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். என் மனைவி இதை வியாதி என்பாள். தர்மக் கமிட்டிக்காரர்கள் இதையே தகுதி என்று எடுத்துக்கொண்டு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

எழுபதுகளின் பின்பாதி. நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். வீடு மேலகரத்தில். லாட்ஜ் இருந்தது குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற வழியில். அதன் முதலாளி ஐந்தருவிப் பக்கம் புதிதாக ஒன்று கட்டிவிட்டார். பழையது மழைக்கு ஒழுகியது. அண்ணன் தம்பி வழக்கு இருந்ததால் விற்கவும் முடியாது. ஆகவே தர்மம் செய்யத் தீர்மானித்தார். வீடு வாசல் இல்லாதவர்களை அங்கே குடிவைக்கும்படி எங்கள் கமிட்டியிடம் சாவிகளைக் கொடுத்தார்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்தக் கட்டடத்தில் ஒரு நாளுக்குக்கூட யாரும் யாரிடமும் வாடகை வாங்கக் கூடாது. வாங்கியது தெரிந்தால் மறுநாளே சாவிகள் அவர் கைக்குத் திரும்பிவிட வேண்டும். புது லாட்ஜுக்குப் பழைய லாட்ஜ் போட்டியாகிவிடக் கூடாது என்ற பயம்தான். அதை நாங்கள் ‘முதலாளியின் பெருந்தன்மை’ என்று மினிட் புத்தகத்தில் ஏற்றினோம். எழுதியவன் நான்.

கமிட்டித் தலைவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். லாட்ஜை வீடாக மாற்றுவதென்றால் முதலில் கதவு நம்பர்களை அழிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நம்பருக்குப் பதிலாக ‘அன்பு’, ‘கருணை’, ‘பொறுமை’ என்று பதினாறு குணங்களை எழுதவேண்டுமாம். ஏழாவது குணத்துக்கு மேல் அவருக்கே ஓடவில்லை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் புனலூர்க்காரர் ஒருவர், குடிவரவேண்டியவர்களில் ஒருவர், மெதுவாகச் சொன்னார்: “சாரே, எங்க படுத்திருக்கேன்னு கேட்டா, கருணையில படுத்திருக்கேன்னு சொல்லவா? நம்பர் இருக்கட்டும்.” நம்பர்கள் தப்பித்தன.

குடிவந்தவர்கள் பத்தொன்பது பேர். ரயில் நிலையத்திலிருந்து ஏழு, பஸ் நிலையத்திலிருந்து ஐந்து, அருவிக்கரையிலிருந்து ஏழு. அருவிக்கரை ஏழில் ஒருத்தி துணி காக்கிறவள். ஐம்பது வயதிருக்கும். குளிக்கப் போகிறவர்கள் சட்டை, கைக்கடிகாரம், கண்ணாடி, சிலர் பல்செட்டையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு பொருள் மாறினதில்லை. நனைந்துவிட்டு வரும் கூட்டத்தில் எந்த வயிறு எந்தச் சட்டைக்கு உரியது என்று பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பாள். பதினோரு வருஷம் ஒரு சிப்ஸ் கடைப் படியில் படுத்துக் கிடந்தவள்.

அவளுக்கு ஏழாம் நம்பர் அறையைக் கொடுத்தோம். பூட்டினாள், சாவியை முந்தியில் முடிந்தாள், கதவுக்கு வெளியே குறுக்கே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். இப்படி நான்கு மாதம். தினமும் காலை ஆறு மணிக்கு நான் சைக்கிளில் போய்த் தலை எண்ணுவேன். அவளைத் தாண்டித்தான் எட்டாம் நம்பருக்குப் போக வேண்டும்.

“உள்ள படுக்க வேண்டியதுதானேம்மா?” என்று கேட்டேன்.

“உள்ள படுத்தா யாரு சார் காவலுக்கு?” என்றாள்.

உள்ளே இருந்தது ஒரு கட்டில், ஒரு வாளி, ரசம் போன ஒரு கண்ணாடி. இதற்கு என்ன காவல் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லுவாள்.

ஆனி பிறந்தது, சாரல் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் சீசன் வந்துவிட்டால் யாரும் அவரவர் வீட்டில் இருப்பதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவிடுவோம். என் வீட்டின் முன்னறையும் பட்டகசாலை என்கிற நடுக்கூடமும் வழக்கம்போல விருதுநகர் வியாபாரி குடும்பத்துக்குப் போயின. நாங்கள் ஆறு பேர் அடுக்களையில். என் தலைமாட்டில் ஆட்டுரல். வரி போடுகிறவர்கள் வந்து விசாரித்தால் சொந்தக்காரர்கள் என்று சொல்வோம். அந்தக் கணக்கில் எனக்குச் சாத்தூரிலும் ராஜபாளையத்திலும்கூட அண்ணன் தம்பிகள் உண்டு. பெயர்தான் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லாட்ஜுக்குள் நுழைந்தேன். முற்றத்தில் ஒரே எண்ணெய் வாடை. துண்டும் கோவணமுமாக ஆட்கள். எண்ணினேன். அறுபத்து நான்கு. திரும்ப எண்ணினேன், அதே அறுபத்து நான்கு. இடையில் ஒரு பருத்த மனிதர் என்னை நிறுத்தி, “ஏம்ப்பா, ஏழாம் நம்பருக்கு வெந்நீ ரெண்டு வாளி” என்றார்.

எங்கள் பத்தொன்பது பேரும் பின்னால் சைக்கிள் கொட்டகையில் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

துணி காக்கிறவளிடம் போனேன். “ஏழாம் நம்பர்ல யாரு?”

“கோவில்பட்டில இருந்து வந்திருக்காவ சார். தங்கமான மனுசங்க.”

“அது உனக்குக் குடுத்த ரூம்மா!”

“எனக்குக் குடுத்ததுனாலதான சார் நான் அவியளுக்குக் குடுத்தேன். என்னுது இல்லாதத எப்பிடிக் குடுக்க?”

“வாடகை வாங்கினேன்னு தெரிஞ்சா கட்டடமே போயிரும். பத்தொன்பது பேரும் மறுபடி தெருவுலதான். சொல்லித்தானே குடுத்தோம்?”

“சொன்னிய. அப்ப சீசன் இல்ல. சீசன்ல யாரு சார் வீட்டுக்குள்ள கெடக்கா? நீங்க கெடக்கியளா?”

ஆட்டுரல் ஞாபகம் வந்து கழுத்து வலித்தது.

“சும்மா படுத்துக் கெடந்தா அது சத்திரம் சார். வாடகைக்கு விட்டாத்தான் வீடு” என்றாள். புனலூர்க்காரர் காப்பியை ஊதிக்கொண்டே தலையசைத்தார்.

ஜவுளிக்கடைக்குச் சைக்கிளை மிதித்தேன். தலைவர் கடைக்குள்ளேயே, துணி மூட்டைகளுக்கு நடுவில், பனியனோடு பல் விளக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வாயில் இருந்ததைத் துப்பினார்.

“அத்தன பேரையும் இப்பவே காலி பண்ணச் சொல்லும்வே!”

“யார அண்ணாச்சி? வந்தவியளையா, இருந்தவியளையா?”

“ரெண்டையும்! சொந்தமா ஒரு ரூம்பு கெடச்சா அதுல இருக்கத் தெரியாண்டாமா?”

நான் அவர் படுக்கையைப் பார்த்தேன். நான்கு மல் வேட்டிப் பீஸ்களை அடுக்கித் தலையணை. அவருடைய மாடி வீட்டில் சாத்தூர்த் தீப்பெட்டிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார்.

“என்னவே பாக்கேரு?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி.”

வாயைக் கொப்பளித்துவிட்டு, “நம்ம விசயம் வேற” என்றார். எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை. மினிட் புத்தகத்தில் அதற்காக இரண்டு வரி இடம் விட்டேன். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அதற்குள் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, லாட்ஜ் முதலாளி காரில் பழைய லாட்ஜ் பக்கம் போனதாகச் சொன்னார். அருவியில் தண்ணீர் கொட்டுகிற நேரத்தில் அவருடைய புது லாட்ஜில் இரண்டு அறை காலியாம். காரணம் தேடிப் புறப்பட்டிருக்கிறார். தலைவர் சட்டையை மாட்டிக்கொண்டு என் சைக்கிள் கேரியரில் ஏறினார். அவருடைய எடையை நான் எண்ணவில்லை, உணர்ந்தேன்.

நாங்கள் போனபோது முதலாளி முற்றத்து நடுவில் வெள்ளை வேட்டியும் விரித்த குடையுமாக நின்றிருந்தார். சுற்றிலும் எண்ணெய்த் தலைகள். தலைவர் என் காதில், “முடிஞ்சுதுவே” என்றார்.

முதலாளி அந்தப் பருத்த மனிதரைக் கேட்டார்: “இங்கன என்ன வாடகைக்கு இருக்கிய?”

“வாடகையா? இது எங்க அத்தை வீடுல்லா!” என்று அவர் துணி காக்கிறவளைக் காட்டினார்.

அடுத்த அறைக்காரருக்கு அது மாமா வீடு. அதற்கடுத்தவருக்குப் பெரியப்பா வீடு. சிவகாசியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று புனலூர்க்காரரைச் சித்தப்பா என்றது. அவர் ஒரு தலையில் எண்ணெய் வைத்துத் தட்டியபடி வானத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது என்று புரிந்தது.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். “ஏட்டி, பதினோரு வருசமா சிப்ஸ் கடைப் படியில கெடந்தியே. அப்ப இந்தச் சொந்தமெல்லாம் எங்க போச்சு?”

“அப்ப வீடு இல்லையே அண்ணாச்சி. படியில எங்கன வந்து தங்குவாவ?”

 

முதலாளி என்னைப் பிடித்தார். “செயலாளரே, நீரு கணக்குல பொய் சொல்ல மாட்டேருன்னு ஊரே சொல்லுது. நீரே சொல்லும். இந்தக் கட்டடத்துல இப்ப எத்தன பேரு குடியிருக்கா?”

நோட்டு என் சட்டைப் பையில் இருந்தது. அதில் அறுபத்து நான்கு என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வராத பிள்ளைகளை வந்ததாகக் காட்டச் சொன்ன தலைமையாசிரியருக்கே மாட்டேன் என்றவன் நான். அதற்காக மூன்று வருஷம் அவர் என்னோடு பேசவில்லை, அதில் எனக்கு நிம்மதிதான்.

“பத்தொன்பது” என்றேன்.

“பெறவு இங்க நிக்கது?”

“விருந்தாளி அண்ணாச்சி. விருந்தாளிய எண்ணுத வழக்கமில்ல. உங்க வீட்டுல எண்ணுவியளா?”

தென்காசியில் அவருடைய வீட்டில் அப்போது தூத்துக்குடிக் குடும்பங்கள் இரண்டு. அவர் மனைவி மாட்டுத் தொழுவத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார். இது முற்றத்தில் நின்ற உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். முதலாளி குடையை மடக்கினார். மழை அப்போதுதான் பலமாகப் பிடித்தது. அதில் நனைந்துகொண்டே காருக்குப் போனார். சாவிகளைக் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

அந்தப் பொய்க்காக நான் வருத்தப்பட்டதில்லை. ஆனால் ஏழாம் நம்பர் கட்டில் மேல் தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். ஆக அறுபத்தைந்து. நோட்டைத் திருத்தினேன், திருத்திய இடம் அசிங்கமாக இருக்கிறது.

ஆவணி கடைசியில் சாரல் நின்றது. சொந்தக்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கோவில்பட்டிக் குடும்பம் அடுத்த ஆனிக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டுப் போனது. நாங்கள் அடுக்களையிலிருந்து பட்டகசாலைக்கு வந்தோம். மறுநாள் காலை சற்று முன்னதாகவே லாட்ஜுக்குப் போனேன்.

ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தவன் ஏழாம் நம்பர் முன்னால் பழக்கதோஷத்தில் காலைத் தூக்கித் தாண்டினேன். தாண்ட அங்கே யாரும் இல்லை. பாயும் இல்லை. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. கதவைத் தட்டினேன்.

“யாரது?”

“நான்தான். எண்ணிக்கை.”

“ஒண்ணுதான் சார் இருக்கு, சீசன் முடிஞ்சிட்டுல்லா” என்றாள் உள்ளிருந்து. “வீட்டுல ஆளு தூங்குது. ஆறு மணிக்கு மேல வாங்க.”