ஸ்டெல்லன் ஓவர்டைம் பார்க்கமாட்டான்

எங்கள் கட்டடத்துச் சலவை அறையில் இரண்டு துணி துவைக்கும் இயந்திரங்கள், ஒரு உலர்த்தும் அலமாரி, ஒரு பூட்டுப் பலகை, அப்புறம் ஸ்டெல்லன் ப்ரூடினின் கருத்துகள். இதில் எது அதிகம் ஓடுகிறது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் பார்ப்ரோ. சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா நகரில் இந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நானூறு பிள்ளைகளுக்கு மீன் உருண்டை போட்டவளுக்குப் பொறுமை இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இருந்ததெல்லாம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

ஸ்டெல்லன் என் தலைக்கு மேலே மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறான். வயது ஐம்பத்து மூன்று. நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவு. விளக்கு எரியவில்லை என்று யாராவது எழுதினால் பதில் எழுதுவது அவன் வேலை. மணி நாலு அடித்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவான். ஒருமுறை "தங்கள் தெருவிளக்கு" என்பது வரை எழுதியபோது நாலு அடித்துவிட்டதாம். மீதி வாக்கியத்தை மறுநாள் எட்டு மணிக்கு எழுத உட்கார்ந்தபோது, அந்த விளக்கு சரியாகிவிட்டது என்று செய்தி வந்திருந்தது. ஓவர்டைம் பார்த்திருந்தால் ஒரு கடிதம் வீண் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

சலவை அறையில் காகிதம் ஒட்டுவது எங்கள் ஊரில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். நேரில் ஒருவரைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து பேச எங்களுக்கு வராது. காகிதத்தில் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவோம். "வடிகட்டியில் பஞ்சை விட்டுவிட்டுப் போன பிரகிருதி யார்?" என்பது போல. ஸ்டெல்லனும் பஞ்சில்தான் ஆரம்பித்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சிலிருந்து சமுதாயத்துக்குத் தாவினான். அதற்குப் பிறகு வாரம் ஒரு தாள், எண் போட்டு, கொட்டை எழுத்தில்.

வேலையைப் பற்றி எழுதுவான்: "காப்பி நேரத்தில் வேலையைப் பற்றிப் பேசுகிறவன், வேலை நேரத்தில் காப்பியைப் பற்றி நினைக்கிறவன்." தொழில்நுட்பம் பற்றி எழுதுவான்: "குளிர்சாதனப் பெட்டிக்குக் கடவுச்சொல் எதற்கு? பால் என்ன தப்பித்து ஓடவா போகிறது?" நம்மைப் பற்றியும் எழுதுவான்: "படிக்கட்டில் பக்கத்து வீட்டார் நிற்கிறாரா என்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்து, அவர் போன பிறகுதான் வெளியே வருகிறோம். அப்புறம் தனிமை தனிமை என்று அழுகிறோம். நானும்தான்."

எல்லாவற்றையும்விட அதிகமாகப் பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றி. "பழைய விளையாட்டில் செத்தால் செத்ததுதான், முதல் அறையிலிருந்து தொடங்கு. இன்றைய விளையாட்டு செத்தவனைத் தட்டிக்கொடுத்து அதே இடத்தில் எழுப்பி உட்கார வைக்கிறது. ஆபீசில் யாரும் தப்பை ஒப்புக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்."

இதையெல்லாம் யாரும் படிப்பதில்லை என்பது அவன் எண்ணம். யாரும் ஒன்றும் சொன்னதில்லை, அதனால்.

கட்டடத்துக்குக் கீழே, சலவை அறையை ஒட்டி, போர்க்காலப் பதுங்கறை. இப்போது சைக்கிள்கள் பதுங்கியிருக்கின்றன. அதன் மூலையில் ஸ்டெல்லனுக்கு ஒரு மேஜை, பின்பக்கம் பானை மாதிரி வீங்கிய பழைய டிவி, பள்ளி நாளில் வாங்கிய கணினி. ஒலிநாடாவிலிருந்து இருபது நிமிடம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டுத்தான் அதில் விளையாட்டு வரும். ஒரு கோட்டை, நாற்பது அறை, லாந்தர் பிடித்த ஒரு குட்டி மனிதன், அவனுக்கு ஐந்து உயிர். நாற்பதாவது அறைக் கதவை ஸ்டெல்லன் பதினைந்து வயதிலிருந்து பார்க்க முயல்கிறான்.

விட்ட இடத்தைச் சேமித்து வைக்க அந்த விளையாட்டில் வழி கிடையாது. நிறுத்தி வைக்கலாம், அணைக்கக் கூடாது. ஸ்டெல்லனோ தினம் ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரைதான் விளையாடுவான். ஆகவே பிப்ரவரி தொடங்கி ஒன்பது வாரமாகக் கணினி அணையவே இல்லை. லாந்தர்க்காரன் ஒரு காலைத் தூக்கியபடி நிற்பான். மேலே ஒரு துணி, துணிமேல் ஒரு சீட்டு: "தொடாதீர்கள். இவர் காத்திருக்கிறார்."

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை எங்கள் கட்டடச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. பதுங்கறையிலேயே மடக்கு நாற்காலி போட்டு, காப்பியும் இலவங்கப்பட்டை பன்னும் வைத்து நடந்தது. தலைவி குன்வோர், எழுபத்தொரு வயது, முதல் மாடி. தலைவியானாலும் அவளும் எங்களுக்கு 'நீ'தான். மரியாதையைக் காப்பிக் கோப்பை கழுவிக் காட்டுவோம். செயலாளர் மெல்கர், தரைத்தளத்து இளைஞன். பூட்டுப் பலகையை எடுத்துவிட்டு, சலவை நேரத்தைப் போனிலேயே பதிவு செய்யும் ஆப் கொண்டுவரலாம் என்று அவன் படம் காட்டினான்.

பூட்டுப் பலகை என்றால் எங்கள் உயிர். ஒவ்வொரு வீட்டுக்கும் எண் போட்ட சின்னப் பூட்டு ஒன்று. வேண்டிய நேரத்தின் துளையில் செருகித் திருப்பினால் அந்த நேரம் உன்னுடையது, ராஜாவே வந்தாலும் துவைக்க முடியாது. பதுங்கறைக்கும் அதில் ஒரு வரிசை உண்டு, அரை மணி அரை மணியாக, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று. அந்த வரிசையில் ஸ்டெல்லனின் பூட்டைத் தவிர வேறு பூட்டை நான் பார்த்ததில்லை.

"இயந்திரத்த ஆப்போட இணைக்கிற வேலை வியாழக்கிழமை," என்றாள் குன்வோர். "காலைல பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும் கட்டடம் பூரா கரண்ட் இருக்காது. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

நான் ஸ்டெல்லனைப் பார்த்தேன். காது இரண்டும் சிவந்திருந்தன. வாரம் ஒரு தாள் எழுதுகிறவன், பன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சரி என்று எல்லாரும் கை தூக்கினோம். அவனும் தூக்கினான்.

படிக்கட்டில் பிடித்தேன்.

"ஏம்ப்பா, வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? ஒன்பது வாரம் போச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"எல்லாரும் அந்த ஆப்புக்கு ஆசப்படுறாங்க பார்ப்ரோ. என் ஒருத்தனுக்காகக் கட்டடமே நிக்கணுமா? ஒருத்தன் சுகத்துக்காக ஊர நிறுத்தக் கூடாதுன்னு நானேதான் எழுதியிருக்கேன்."

"யாரு ஆசப்பட்டா? நான் படல. மத்தவங்க கேக்குறாங்களேன்னு கையத் தூக்குனேன்."

"நானும் அப்படித்தான்."

மறுநாள் குன்வோரிடம் போனேன். அவளுக்கும் பலகைதான் பிடிக்குமாம். இளசுகள் கேட்கிறார்களே என்று கொண்டுவந்தாளாம். மெல்கரைக் கேட்டால், பெரியவர்கள் கேட்டார்களே என்று படம் தயாரித்தானாம். இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு கை. கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

"அப்ப நிறுத்திரலாமே," என்றேன்.

"எப்படி முடியும்? முடிவு குறிப்புல ஏறிருச்சு. அடுத்த வருஷக் கூட்டத்துலதான் மாத்தலாம்," என்றாள் குன்வோர். எனக்கு வந்த கோபத்தில் அவள் கோப்பையைக் கழுவாமல் வந்துவிட்டேன்.

ஸ்டெல்லனுக்கு மீதி இருந்தது செவ்வாயும் புதனும். முப்பத்தாறாவது அறை, ஒரே உயிர். மெல்கர் வந்து மாற்று மின்கலம் தருகிறேன் என்றான். இந்தச் சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கினாலே லாந்தர்க்காரன் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று ஸ்டெல்லன் விளக்கினான். அதே விளையாட்டு போனில் கிடைக்கிறது, சேமிக்கவும் செய்யலாம் என்று மெல்கர் அடுத்து சொன்னான். ஸ்டெல்லன் அவனை, மறைந்தவரின் வீட்டுக்குள் வந்து, அவருக்குப் பதில் ஆள் கிடைப்பார் என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அப்ப இன்னிக்கு விடிய விடிய உக்காந்து முடிச்சிருப்பா," என்றேன் நான்.

"அது ஓவர்டைம்."

"வெளையாட்டுக்கு ஏதுப்பா ஓவர்டைம்?"

"அங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். 'உனக்குப் பிடிச்ச வேலைதானே'ன்னு சொல்லித்தான் எல்லா முதலாளியும் ஓவர்டைம் வாங்குறான்."

ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் தங்களுக்கு மட்டும் விலக்கு எழுதிக்கொள்வார்கள். இந்த மடையன் எழுதிக்கொள்ளவில்லை. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

புதன்கிழமை ஐந்து மணிக்கு நான் ஒரே ஒரு தலையணை உறையைக் கூடையில் போட்டுக்கொண்டு கீழே போனேன். பதுங்கறையில் கூட்டம். மெல்கர் கல் மாதிரி இருந்த சைக்கிள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். குன்வோர் மின்பெட்டியைத் திறந்து எதையோ எண்ணினாள். இன்னும் ஐந்தாறு பேர், ஏப்ரல் மாதத்தில் பனிச்சறுக்குக் கட்டையைத் தேடிக்கொண்டு. ஒருவரும் ஸ்டெல்லன் பக்கம் திரும்பவில்லை. ஒருவரும் வெளியே போகவும் இல்லை.

முப்பத்தெட்டு முடிந்தது. முப்பத்தொன்பதில் பாதியில் அவனுடைய சமையல் கடிகாரம் மணியடித்தது. ஐந்தரை. ஸ்டெல்லன் நிறுத்தினான். எழுந்தான். துணியை எடுத்து டிவியை மூடி, மேலே சீட்டை நேராக வைத்தான்.

"நல்லா நடந்தான்," என்றான் துணியைப் பார்த்து.

என் பொறுமை அதோடு போயிற்று. சலவை அறைக்குப் போய் என் பூட்டை எடுத்து, பதுங்கறை வரிசையில் ஐந்தரைத் துளையில் செருகித் திருப்பிவிட்டு வந்தேன்.

"இந்த அரை மணி இப்ப என்னுது. நாளைக்கு அஞ்சு மணி உன்னுது. மாத்திக்குவோம். உக்காரு."

"பார்ப்ரோ, அது எப்படி..."

"'ஷிப்ட் மாத்திக்கிறது ஓவர்டைம் இல்ல, பக்கத்து சீட்டுக்காரனுக்குச் செய்யற உபகாரம்.' நூத்திப் பன்னெண்டாவது தாள்."

அவன் வாய் கொஞ்சம் திறந்தது. "அத... யாரு சொன்னா?"

"நீதான் எழுதினே. போன மார்ச்சுல. எனக்குக் கம்பளி ஓடிட்டிருந்துச்சு, நாப்பது நிமிஷம். எவ்வளவு நேரந்தான் கம்பளி சுத்துறதயே பாக்குறது?"

சட்டப்படி அவனுக்குத் தப்ப வழி இல்லை. போய்ப் பலகையைப் பார்த்தான். என் பூட்டுதான், என் எண்தான். திரும்பி வந்து துணியை எடுத்தான். இப்போது யாரும் காற்றடிப்பதாக நடிக்கவில்லை. நாற்காலியை விரித்து வரிசையாக உட்கார்ந்துவிட்டோம்.

நாற்பதாவது அறை வந்தது. வௌவால், ஆடும் சங்கிலி, கீழே குழி, அந்தக் கோடியில் கதவு. முப்பத்தெட்டு வருடமாக அவன் பார்க்காத கதவு, ஒரு விரல் அகலம்தான் இருந்தது. லாந்தர்க்காரன் முதல் சங்கிலியைப் பிடித்தான். இரண்டாவதைப் பிடித்தான்.

பயத்தில் எங்கள் ஆட்களுக்குப் பேச்சு வரும் போலிருக்கிறது. குன்வோர் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்.

"பால் தப்பிச்சு ஓடவா போகுதுன்னு எழுதினான் பாரு, அது எத்தனாவது தாள்? நாப்பத்தொண்ணா?"

"நாப்பத்து மூணு," என்றான் மெல்கர். "நாப்பத்தொண்ணு கதவுக் கண்ணாடி. அதப் படம் புடிச்சு எங்கம்மாவுக்கு அனுப்பினேன். அவங்க படிச்சிட்டு அழுதுட்டாங்க."

மூன்றாவது சங்கிலி. கதவுக்கு ஒரே ஒரு தாவல். ஸ்டெல்லனின் முதுகு நிமிர்ந்தது. வேண்டாம், வேண்டாம் என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவன் திரும்பினான். கை, கணினியின் விளையாட்டுப் பிடியை விட்டுவிட்டது.

லாந்தர்க்காரன் சங்கிலியிலிருந்து நழுவிக் குழிக்குள் போனான். திரையில் அவன் பெற்ற புள்ளிகள் வந்தன, அப்புறம் முதல் அறை வந்தது. மெல்கர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். குன்வோர் கண் கலங்கிவிட்டாள். ஒரு சமூகமே சேர்ந்து ஒருவனைக் கொன்ற மாதிரி நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

ஸ்டெல்லன் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெல்கரையே பார்த்துக்கொண்டு, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எந்த இடத்துல அழுதாங்க?" என்று கேட்டான்.

வியாழக்கிழமை ஒரு மணி நேரம் மின்சாரம் நின்றது. ஆப்பும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சலவை அறைச் சுவரில் ஒன்றுக்கு இரண்டாகத் தாள்கள் இருந்தன. இரண்டையும் படித்து முடிக்க நான் இன்னொரு அலசல் கூடுதலாகப் போட வேண்டியதாயிற்று.