உல்கான் உயிரைக் கூப்பிட்ட கோடை

உல்கானை நினைத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வரும். அவள் மேல் பாதி, என் மேல் மீதி.

நாரின் நகரத்துக்கு மேலே, மந்தைகள் ஏறும் மேய்ச்சல் மலையில், கோடை மூன்று மாதமும் ஊர்க்காரர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்துகிறோம். இரண்டு கம்பளிக் கூடாரம், இருபத்திரண்டு பிள்ளைகள். பெற்றவர்கள் ஆடு, குதிரை என்று அலையும்போது இந்த வானரங்களை யார் மேய்ப்பது? நான் சல்கின், சமையல்காரி. பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுக்க அந்த வருஷம் உல்கான் வந்தாள். சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. பெகிமாய்க்காகத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆறு வயசுப் பெகிமாய் அவள் வயிற்றில் பிறந்தவள். நாற்பதாம் நாள், பிள்ளையில்லாத மூத்த ஓரகத்தி தொக்தோபூபு மடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். "மொதப் பிள்ளைய அண்ணன் வீட்டுக்குக் குடு, அப்புறம் உனக்கு வீடு கொள்ளாம பொறக்கும்" என்றார் மாமனார். பத்தொன்பது வயசுப் பெண் என்னத்தை எதிர்த்துப் பேசுவாள்? அப்புறம் ஒன்றும் பிறக்கவில்லை. சைபீரியாவுக்கு வேலைக்குப் போன புருஷன், பாழாய்ப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டான். மலை முழுக்க இந்தக் கதை தெரியும், பெகிமாயைத் தவிர. அவளுக்கு உல்கான் சித்தி, அவ்வளவுதான். செப்டம்பரில் அவளை நகரத்துப் பள்ளியில் விடப்போகிறார்கள். உல்கானுக்கு மிஞ்சியது இந்த ஒரு கோடைதான்.

"சித்தி, எனக்கு மட்டும் ஏன் ரெண்டு தடவ சடை பின்னுற?"

"மொதத் தடவ கோணலாப் போச்சுடி."

"நேத்தும் கோணல், முந்தாநாளும் கோணல். உனக்குப் பின்னவே தெரியல. எங்கம்மாகிட்டக் கத்துக்கோ."

நான் சிரித்துவிட்டேன். உல்கான் சிரிக்கவில்லை.

ஜூலையில் ஒரு நாள் ஆலங்கட்டி மழை கொட்டியது. இடிக்கு மிரண்ட குதிரைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு கூடாரங்களுக்கு நடுவே பாய்ந்தன. நடுவில் மாட்டிக்கொண்ட பெகிமாய் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கண் நிலைகுத்திவிட்டது. இரண்டு நாள் ஒரு வாய் சோறில்லை, ஒரு சொல் பேச்சில்லை. பயத்தில் உயிர் உடம்பை விட்டு விலகிப்போய்விட்டது என்போம் நாங்கள். அந்தி நேரத்தில் பிள்ளை மடியில் ரொட்டியை வைத்து, தாய் வாசலில் நின்று 'குராய், குராய்' என்று உயிரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். தொக்தோபூபுவோ பள்ளியில் இடம் கேட்க நாரினுக்குப் போயிருந்தாள்.

"அக்கா வந்துடட்டுமே" என்றாள் உல்கான்.

"அவ வர்றதுக்குள்ள பிள்ள வாடிப் போயிடும்! பெத்தவ கல்லு மாதிரி நிக்கிறியே, கூப்பிடுடி!"

"என்னன்னு கூப்பிட? சித்தின்னா?"

"உயிர்கிட்டயே பொய் சொன்னா அது வருமா?" என்றேன். என் வாயில் இடி விழ.

வாசலில் நின்றாள். பிறகு ஆறு வருஷத்தையும் சேர்த்துக் கத்தினாள். "குராய், குராய்! வாடி என் தங்கமே! என் வயித்துல பொறந்தவளே, உன்னப் பெத்த அம்மா கூப்பிடுறேன், வா!"

பக்கத்துக் கூடாரத்தில் இருபத்தோரு பிள்ளைகள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கம்பளிச் சுவர் காற்றைத் தடுக்கும், பேச்சைத் தடுக்குமா? எங்கள் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பெகிமாய் மூன்று கிண்ணம் கஞ்சி குடித்தாள். உல்கான் முகத்தில் நான் சந்தோஷத்தைப் பார்த்தது அந்த ஒரு காலைதான். மத்தியானமே குபான் என்கிற வாயாடிப் பயல் ஆரம்பித்துவிட்டான்: "உங்கம்மா உன் அம்மா இல்லையாம்! சித்திதான் உன்னப் பெத்தாளாம்!" பெகிமாய் அவன் கன்னத்தைப் பிறாண்டி எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் உல்கானைக் கிட்டவே நெருங்க விடவில்லை.

மூன்றாம் நாள் தொக்தோபூபு குதிரையில் வந்து இறங்கினாள். சேதி வழியிலேயே அவள் காதுக்கு எட்டியிருந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பெகிமாய் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, நீ என் அம்மாதான?"

தொக்தோபூபு பிள்ளையை உல்கான் பக்கம் திருப்பிவிட்டாள். "எங்கிட்ட ஏன் கேக்குற? உன் சித்தியையே கேளு."

பிள்ளை உதடு பிதுங்க வந்து நின்றது. "சித்தி, நீ சொன்னது பொய்தான?"

உல்கான் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு அடுப்பைக் கிண்டினேன். பாவி நான், வேறென்ன செய்தேன்?

"பொய்தான்டி" என்றாள் உல்கான். "உனக்கு உடம்பு தேறணும்னு சும்மா அப்படிக் கூப்பிட்டேன். நான் உன் சித்திதான்."

அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே! "கேட்டியாடா குபான்! இவ எங்கம்மா இல்லையாம்! அவளே சொல்லிட்டா!" என்று கூடாரம் கூடாரமாகக் கூவிக்கொண்டு ஓடினாள். ஓடி முடித்துத் திரும்பி வந்து, அந்தச் சந்தோஷத்தில், அந்தக் கோடையிலேயே முதல் முறையாகத் தானாக உல்கான் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு முத்தம் கொடுத்தாள். பிறகு குதிரையில் ஏறித் தன் அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.