பரண்மேல் ஒளித்த சரவெடி

எங்கள் ஊரில் மரியாதை என்றால் வெடிச் சத்தம். கல்யாணத்துக்கு வெடி, காதுகுத்துக்கு வெடி, ஆள் செத்தாலும் வெடி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்களை வெறும் முட்டாள்கள் என்று நினைத்துவிடுவீர்கள். முட்டாள்கள்தான், ஆனால் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை.

பாகூருக்குத் தெற்கே, ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில் இருக்கிறது எங்கள் திட்டு. முப்பது வீடு, கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. எங்கே போவதானாலும் படகுதான். நான் நான்காவது படித்த வருஷத்துக்குச் சற்று முன்புதான், திட்டின் கீழ்க்கோடிக் கருவேலங்காட்டில் நாரைகள் கூடு கட்ட ஆரம்பித்திருந்தன. தீபாவளி கழிந்து மழை விட்ட பிறகு வரும், கோடைக்குள் குஞ்சுகளோடு கிளம்பிவிடும். எங்கள் கல்யாணம், காதுகுத்தெல்லாம் பாகூர் மண்டபத்தில் நடக்கும். சுடுகாடு அக்கரையில். ஆகவே எங்கள் வெடியும் அந்த நாரைகளும் ஒன்றையொன்று அறியாமலே இருந்தன.

எங்கள் வீட்டோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, அந்த நாரைகளை வைத்து ஒரு கனவு கண்டார். புதுச்சேரிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் இங்கேயும் வரட்டும். நம் படகில் ஏறட்டும், நம் வீட்டில் சாப்பிடட்டும், படகும் துறையும் ஊருக்கே சொந்தமாக இருக்கட்டும். வீடு வீடாகப் போய்ப் பேசி, சிரித்தவர்களையெல்லாம் சம்மதிக்க வைத்தார். அதே சமயம் வெளியூர்க்காரர் ஒருவரும் துறையைக் கேட்டுக்கொண்டிருந்தார், குடில் கட்டி விடுதி நடத்த. யாருக்கு விடுவது என்று அதிகாரிகள் ஒரு நாள் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. அந்த ஒரு நாளுக்காக மாமா சோறு தண்ணி மறந்து அலைந்தார்.

பெரியப்பாதான் ஊரில் முன்னே நிற்பவர். அவர் ஐயாயிரம் வாலா சரவெடி வாங்கி வந்து கோயில் கொட்டகையில் வைத்தார். பறவை மிரளும் என்று மாமா தலைதலையாக அடித்துக்கொண்டார்.

"செத்தவனுக்கே வெடி வெக்கிறோம். உசுரோட வர்ற ஆபீசருக்கு வெக்கலன்னா இன்னாடா மருவாதி?" என்றார் பெரியப்பா. ஊரே ஆமோதித்தது.

அன்று சாயங்காலம் யாரும் பார்க்காத நேரத்தில் மாமா சரவெடியைத் தூக்கிவந்து எங்கள் மாட்டுக்கொட்டகைப் பரண்மேல், தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளித்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்.

"யாருகிட்டயும் சொல்லாத பாப்பா. உங்கம்மாகிட்ட கூட," என்றார்.

மறுநாள் காலை அதிகாரிகளை அழைத்துவர மாமா படகை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனதும், வெடியைக் காணாமல் பெரியப்பா என்னைத் தேடி வந்தார். அதட்டவில்லை. "வெடி இல்லன்னா வர்றவங்க உங்க மாமனத்தான் கேவலமா நெனைப்பாங்க, பாப்பா," என்றார். மாமாவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று நான் பரணைக் காட்டினேன். அப்படித்தான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐயாயிரம் வாலா வெடிப்பதைப் பார்க்கும் ஆசையும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

படகு நடு ஆற்றில் வரும்போது பற்ற வைத்தார்கள். துடுப்போடு மாமா எழுந்து நின்று ஏதோ கத்தியது தெரிந்தது, கேட்கவில்லை. காடு மொத்தமும் வெள்ளையாக மேலே கிளம்பியது. எனக்கு அது அழகாக இருந்தது, நான் கைதட்டினேன். அதற்குள் கூடுகளிலிருந்து முட்டைகளும் குஞ்சுகளும் விழத் தொடங்கியிருந்தன. விழாதவற்றைக் காக்கைகள் பார்த்துக்கொண்டன.

அதிகாரிகளுக்கு மாலை போட்டார்கள். எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டு, ருசி நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார்கள். காட்டுப் பக்கம் போனபோது எச்சம் படிந்த கிளைகள்தான் இருந்தன. அவர்களில் ஒரு அம்மாள் மட்டும் கீழே கிடந்த குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, போய்ப் படகில் உட்கார்ந்துகொண்டார். நாரைகள் அந்த வருஷம் திரும்பவில்லை, அடுத்த வருஷமும் இல்லை. துறை வெளியூர்க்காரருக்குப் போனது.

மாமா பொறுக்கி வந்த குஞ்சுகளைக் கூடையில் வைத்து நானும் அவரும் பொடி மீன் ஊட்டினோம். நாளுக்கு ஒன்றாகச் செத்தன. கடைசிக் குஞ்சைப் புதைக்கும்போது, அவர் எதுவும் கேட்காமலேயே நான் சொன்னேன்.

"வெடிய யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியல மாமா."

அவர் மண்ணைத் தள்ளி மூடினார். "சரி வுடு பாப்பா," என்றார். தப்பித்துவிட்டேன் என்று எனக்கு அப்படியொரு நிம்மதி. ஓடிப்போய் விளையாடினேன்.

இப்போது விடுதிக்காரர் கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு மாமா அதே ஆற்றில் அவர்களுடைய படகை ஓட்டுகிறார். பார்க்க நாரைகள் இல்லாததால் வருகிறவர்களுக்குப் பாட்டுப் போடுகிறார்கள். நான் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் என்னைத் தனியாக ஏற்றிக்கொண்டு வந்து அக்கரையில் விடுவார், படிப்பு வேலையெல்லாம் விசாரிப்பார். வெடியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது பரண்மேல் இருந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.