அம்மா பறித்த கைப்பட்டைகள்

அம்மா இருக்கும் மறதி நோயாளிகள் இல்லத்தில் காய்ச்சல் பரவுகிறது. யார் யாருடன் நெருங்கிப் பழகினார்கள் என்று பதிவாக, எல்லார் கையிலும் பட்டை.

இன்று அங்கே நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி போன் செய்தார்.

"உங்க அம்மா காலையிலருந்து எல்லார்கூடவும் ஒட்டிக்கிட்டு இருந்ததா கம்ப்யூட்டர் காட்டுது. தனி ரூம்ல போடணும்லா."

திரிங்காப்பில் என் வீட்டிலிருந்து ஓடினேன். வாசலில் எனக்கும் ஒரு பட்டை மாட்டினார்கள்.

அம்மாவின் மடியில் எல்லாருடைய பட்டைகளும் குவிந்து கிடந்தன. எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்த கை.

"குடுங்கம்மா," என்றார் மிஸ்ஸி.

"நிறுக்காம எப்படிங்க குடுக்கிறது? கணக்கெழுதுற கிராணி கொறைச்சு எழுதிடுவாரு."

மிஸ்ஸி சமையலறைத் தராசில் நிறுத்துக் காட்டியதும் அம்மா கொடுத்துவிட்டார். தனி அறை வேண்டாமென்றானது.

பிறகு அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது முத்தல் இலை. வேணாம்."

மகன் யாரென்று தெரியவில்லை, வயது தெரிந்திருக்கிறது.

என்னோடு படித்தவர்கள் சிரிக்க வேண்டாம். நீங்களும் முத்தல்தான்.