லட்சுமிபுரம் மாடியில் அவர் நலம்

கம்பெனியில் என்னை இத்தாலிய மொழி படிக்கச் சொன்னதற்கு என் அறிவு காரணமில்லை. எனக்குச் சாயங்காலங்கள் காலியாக இருந்தன, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மைசூர் ஹெப்பாளில் இருந்த ஒரு தொழிற்சாலையில் என் கணவர் சூப்பர்வைசராக இருந்தார். ஹனூரில் தன் அம்மாவைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது, கொள்ளேகால் ரோட்டில் விளக்கில்லாமல் நின்றிருந்த கரும்பு டிராக்டரில் மோதி, அங்கேயே போய்விட்டார். கம்பெனி இரக்கப்பட்டு எனக்கு ஸ்டோர்ஸில் கிளார்க் வேலை கொடுத்தது. மாமியார் ஹனூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து என்னோடு தங்கினார். அரிசி இருக்கிறதா, தண்ணீர் வந்ததா என்று பேசிக்கொள்வோம். அவரைப் பற்றி மட்டும் இருவரும் வாயே திறக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அவரை எடுத்துக்கொண்டு போகும் நேரத்தில், பாலைக் காய்ச்சி வைத்தீர்களா என்று யாரிடமோ கேட்டேனாம். அதை வெகுநாள் சொல்லிக் காட்டினார்கள். கல்லுளிமங்கி என்று ஒரு நாத்தனார் என் காதுபடவே சொன்னார். அழக்கூடாது என்று நான் ஒன்றும் வைராக்கியம் பிடிக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் நம்முடையதாக இருக்காதே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு இத்தாலியிலிருந்து ஒரு பெரிய மெஷின் வருவதாக இருந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க வரும் மெக்கானிக்குக்கு ஆங்கிலம் தெரியாது. யாராவது நாலு வார்த்தை கற்றுக்கொள்ள வேண்டும், ஃபீஸைக் கம்பெனியே கட்டும் என்றார் மேனேஜர். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார். “உங்களுக்குத்தான் வீட்டில் யாரும் காத்திருக்க மாட்டார்களே” என்றார் கன்னடத்தில். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, யோசிக்காமல் சொன்னார். எனக்கும் கோபம் வரவில்லை. சரி என்றேன்.

டீச்சர் லட்சுமிபுரத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்த இத்தாலியப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், ஆண்பிள்ளை மாதிரி கிராப்பு வெட்டியிருப்பார். யோகா கற்கத்தான் மைசூருக்கு வந்தாராம். முழங்கால் பிசகியது. அது சரியாகட்டும் என்று தங்கியவர், சரியான பிறகும் கிளம்பவில்லை. செவ்வாயும் வெள்ளியும் வேலை முடிந்து, ஹெப்பாளில் பஸ் ஏறி அவரிடம் போவேன்.

முதல் நாளே பெயர், ஊர், குடும்பம் என்று ஆரம்பித்துவிட்டார். கணவர் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அவரையே பார்த்தேன். பொட்டில்லாத நெற்றி, பூவில்லாத தலை, வெறுங்கழுத்து. மைசூரில் பஸ் கண்டக்டர்கூட ஒரே பார்வையில் படித்துவிடுகிற விஷயம். போன மாதம்தான் ஆபீஸில் ஒருத்தியின் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். குங்குமத் தட்டு வரிசையாக வந்து, என்னிடம் வரும்போது சற்று உயர்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் போய் இறங்கியது. யாரையும் குறை சொல்வதற்கில்லை, வழக்கம் அது. ஆனால் இந்த அம்மாளுக்கு அந்த எழுத்து தெரியவில்லை.

“உண்டு” என்றேன்.

“என்ன செய்கிறார்?”

“ஃபாக்டரியில் வேலை செய்கிறார்.”

அதை இத்தாலிய மொழியில் சொல்லக் கற்றுக்கொடுத்தார். சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் மட்டும் வேலை செய்தது.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்ததும், உன் கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பார். மியோ மரீத்தோ ஸ்தா பேனே என்பேன். என் கணவர் நலமாக இருக்கிறார். அப்புறம்தான் பாடம். பாடத்துக்கும் அவர்தான் கிடைத்தார். காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், என்ன சாப்பிடுகிறார், வீட்டு வேலையில் உதவுகிறாரா? லேட்டாக எழுகிறார், களி என்றால் உயிர், உதவ மாட்டார், குறட்டை விடுவார். இத்தாலிய மொழியிலும் நான் அவரை உத்தமராக்கவில்லை, இருந்தபடியே வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் சாப்பிடக் கூட்டிவா என்று டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு நைட் ஷிஃப்ட், ஓவர்டைம் என்று தட்டிக் கழித்தேன். உயிரோடு இருந்தபோது பார்க்காத ஓவர்டைமையெல்லாம் அவர் அந்த மாடியில் பார்த்தார்.

சந்தோஷமாக இருந்ததா என்றால் இல்லை. ஆனால் உலகத்தில் அந்த ஓர் அறையில்தான் அவர் இன்னும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அது போய்விடக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. அந்த நாட்களில் நான் வேண்டும் என்று நினைத்தது அது ஒன்றைத்தான். டீச்சரிடம் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று, கீழ்வீட்டு வீட்டுக்கார அம்மாள் கண்ணில் படாமல் படியேறுவேன்.

அவரைக்காய் சீசனில் ஒரு வாரம், வீட்டுக்கார அம்மாள் ஏதோ பூஜைக்கு டீச்சரைக் கூப்பிட்டு, வளையல், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பெண்ணைக் குங்குமம் கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை பாடம் முடிந்து நான் எழுந்ததும், “நில்லு நில்லு” என்று டீச்சர் உள்ளே ஓடினார். புது எவர்சில்வர் தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, இரண்டு வாழைப்பழத்தோடு வந்தார்.

“அரிஷினா குங்குமா!” என்றார் கன்னடத்தில். முகமெல்லாம் சிரிப்பு. “இது உன் கணவருக்காக. அவர் ரொம்ப நாள் நன்றாக இருப்பதற்கு.”

கதவு திறந்திருந்தது. வெளியே மாடிக் கொடியில் வீட்டுக்கார அம்மாள் துணி எடுத்துக்கொண்டிருந்தார். “அய்யோ...” என்று ஒரு எட்டு முன்னால் வந்தார். நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லலாம். சொன்னால் காரணம் கேட்பார். காரணத்தைச் சொன்னால் என் கணவர் அந்த அறையிலும் செத்துப்போவார். நான் தலையைக் குனிந்தேன். பழக்கமில்லாத கை, நிறைய அள்ளி வைத்துவிட்டது. மூக்கெல்லாம் சிந்தியது. வீட்டுக்கார அம்மாள் திரும்பிப் போய், மடித்த துணியையே மறுபடி மடித்தார்.

பஸ்ஸில் யாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கவில்லை. ஒருத்தி நகர்ந்து இடம்கூடக் கொடுத்தாள். துடைத்துவிடலாம் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நினைத்தேன். கை எழவில்லை. பாவம் செய்த பயமும் இல்லை, மூக்கில் அரிப்பு மட்டும் இருந்தது.

வீட்டில் மாமியார் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கை நின்றுவிட்டது.

“ஆரு வெச்சுது?”

“டீச்சரம்மாங்கத்தே.”

“அவங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதுங்கத்தே. நான் சொல்லலீங்க.”

“பின்ன என்னன்னு சொல்லி வெச்சிருக்கறே?”

“வேலைக்குப் போறாருன்னு.”

எழுந்து அறைந்தாலும் அறைவார் என்று நின்றேன். அவர் ஒரு காயை எடுத்தார், உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“எப்படி இருக்கறான்னு கேப்பாங்களா?”

“ஒவ்வொருக்காவும் கேப்பாங்கத்தே.”

“நீ என்னம்மிணி சொல்லுவே?”

“நல்லா இருக்காருன்னு.”

“அதை அந்தப் பாஷைல சொல்லு.”

“மியோ மரீத்தோ ஸ்தா பேனே.”

மாமியாருக்குத் தமிழும் கன்னடமும் தவிர வேறொன்றும் தெரியாது. காதைச் சாய்த்து, தொலைவில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவர் போலக் கேட்டார். “இன்னொருக்கா சொல்லு” என்றார். சொன்னேன். தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார்.

பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, முந்தானையை எடுத்து, என் மூக்கில் சிந்தியிருந்ததைத் துடைத்தார். நெற்றியில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.