ஒன்றரை மணி நேரம்

ஒரகடத்தில் யாரிடம் தூரம் கேட்டாலும் நேரத்தைத்தான் சொல்வார்கள். வந்த புதிதில் வல்லம் வடகாலில் நின்றுகொண்டு, பிள்ளைப்பாக்கம் எத்தனை கிலோமீட்டர் என்று ஓர் ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "தோ, பத்து நிமிஷம்க்கா" என்றார். போய்ச் சேர முக்கால் மணி ஆனது. தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கள் ஏரல் பக்கம் வழி கேட்டால் பாலம், கோயில், சர்ச் என்று அடையாளம் சொல்வோம். கடிகாரத்தை இழுக்க மாட்டோம். இங்கே கார் கம்பெனி லைனில் ஒரு பாகம் நகர இத்தனை நொடி என்று கணக்கு. அந்தப் பழக்கம் ஊருக்கே தொற்றி, மூன்று வருடத்தில் எனக்கும் தொற்றிவிட்டது. வேலைக்கு இங்கே கிளம்பி வருகிறவர்களே, இதை மட்டும் திரும்பி வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எனக்கு இரண்டாம் ஷிப்ட். ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஏரலிலிருந்து தங்கை செல்வி போன் செய்தாள்.

"யக்கா, அவரு அம்மிக் கொழவிய வச்சு கதவ இடிக்காரு. இன்னிக்குக் கொன்னுருவாரு."

குடித்துவிட்டு வந்த புருஷனுக்குப் பயந்து உள்ளறையில் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். ஒவ்வோர் இடியும் போனில் எனக்குக் கேட்டது. அக்கம்பக்கத்தார் குடும்ப விவகாரம் என்று ஒதுங்கிவிட்டார்கள். போலீஸுக்குச் சொல்லட்டுமா என்றால், "வேண்டாம்க்கா, நீ வா" என்று அழுதாள். என்னோடு வேலை செய்யும் உள்ளூர்க்காரி தேவி பக்கத்தில் நின்றாள். விமானத்தில் போனால் எவ்வளவு நேரம் என்று அவளிடம் கேட்டேன்.

"தூத்துக்குடிக்கா? போன்ல ஒன்ர ஹவர்தான் காட்டுது. கெளம்புக்கா" என்றாள்.

அதை அப்படியே செல்விக்குச் சொன்னேன். "ஒன்றர மணி நேரத்துல வந்துருதேன். நான் வந்து தட்டுத வரைக்கும் தெறக்காத."

அத்தோடு அவள் போனில் சார்ஜ் போயிற்று.

ஒன்றரை மணி என்பது வானத்தில் இருக்கும் நேரம் மட்டுமே. இதற்கு முன் நான் விமானம் ஏறியதில்லை. சென்னை விமான நிலையத்துக்குப் போகும் வழியில், படப்பையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நின்றுவிட்டது. நான் கத்தினேன். "இன்னாக்கா பண்றது? பறந்துகினா போவ முடியும்?" என்றார் ஓட்டுநர். முன்சீட்டுக் கம்பியைக் குத்தியதில் என் விரல் முட்டியில் தோல் உரிந்தது. பன்னிரண்டரைக்குத்தான் விமானம். வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கி ஏரலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று.

செல்வி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தைரியம் வந்து உள்ளிருந்தே கத்தியும் இருக்கிறாள்: "எங்கக்கா ஒன்றர மணி நேரத்துல வந்துருவா. ஒன்ன உண்டு இல்லன்னு ஆக்கிருவா!" அவன் இடிப்பதை நிறுத்தினான். வெளியே உட்கார்ந்து அவனும் நேரம் பார்த்தான். பதினொன்றரைக்குக் கதவை மெதுவாக மூன்று முறை தட்டினான். நான்தான் என்று நினைத்து அவள் திறந்துவிட்டாள்.

குழவியால் அடித்திருக்கிறான். தாடை உடைந்தது, இடது காது கேட்காமல் போயிற்று. நான் போனபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். நடுவீட்டில் ரத்தம் காய்ந்து ஈ மொய்த்துக் கிடந்தது. அவன் என் கையில் கிடைத்திருந்தால் அதே குழவியால் அவன் மண்டையைப் பிளந்திருப்பேன். அடித்தவன் அவன், நேரம் குறித்துக் கொடுத்தவள் நான்.

ஜெயிலுக்குப் போனவன் ஜாமீனில் வந்துவிட்டான். செல்வி இப்போது வல்லத்தில் என் அறையில் இருக்கிறாள். எந்தத் தட்டலுக்கும் அவள் கதவைத் திறப்பதில்லை. நான் வந்து தட்டினால், "எங்கேருந்து வாற?" என்று உள்ளிருந்து கேட்பாள். நாங்கள் பேசிவைத்த பதில் ஒன்று உண்டு. நேற்று அசதியில் வாய் தவறி, "கம்பெனிலேருந்துதான்டி" என்று சொல்லிவிட்டேன். உள்ளே கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

கம்பெனிச் சட்டையோடு வாசலில் நின்றபடி, அவளுடைய வலது காதுக்குக் கேட்கும்படி கத்தினேன்: "ஏரல்லேருந்து வாறேன், செல்வி. ஏரல்லேருந்து."